படி ஏறிய மடிக்கணினி

அன்பு மகள் லமீஸுக்கு,

நம் ஊர் இர்பிதிலிருந்து அம்மா எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர மற்ற எல்லாரும் நலம், நீயும் ஹாம்பர்க் குளிரில் காதை மூடிக்கொண்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நீ கேட்ட மடிக்கணினியை அரபு எழுத்துள்ள விசைகளோடு வாங்கிவிட்டோம். வியாழக்கிழமை விமானத்தில் நாயிஃப் மாமா கொண்டு வருவான், கையிலேயே வைத்துக்கொள், பெட்டியில் போடாதே என்று அவனுக்கு மூன்று முறை சொல்லியாயிற்று.

வாங்கிய கதையைக் கேள். அதற்கு முன், உன்னிடம் மறைத்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வீடு கட்டும்போதே, பின்னால் உனக்கு மேலே ஒரு தளம் எழுப்பலாம் என்று மொட்டைமாடியில் நீட்டிவிட்ட இரும்புக் கம்பிகள் இருக்கின்றனவே, அவற்றை அறுத்துவிட்டு சோலார் தகடு பதிக்க அப்பா ஆள் பேசியிருந்தார். "அவ அங்கேயே இருந்துடுவா. இன்னும் எத்தனை வருஷம் இதுல துணி காயப்போடப் போறே?" என்றார். நான் காய்ந்த துணியை மடிக்க உட்கார்ந்துவிட்டேன். சனிக்கிழமை அறுப்பது என்று முடிவாயிற்று.

அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் பல்கலைக்கழகத் தெருவில் ஸியாத்தின் கணினிக் கடைக்குப் போனோம். நீ வரைந்து அனுப்பிய கட்டிடக் கோப்பை ஒவ்வொரு கணினியிலும் திறந்து, திரையிலேயே கட்டிடத்துக்குள் நடந்து, சிக்காமல் நகர்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்லியிருந்தாய், சும்மா பயிற்சிக்குப் போட்டதாம். அப்பாவுக்கு மெல்லிய வெள்ளிநிறக் கணினிதான் பிடித்தது, உன் தோள் வலிக்காது என்று. திறந்தால் பச்சைக் கேட்டு, எலுமிச்சை மரம், நம் வீடு. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வாசல் தாண்டி படிக்கட்டு வரை போனோம், அங்கே எல்லாம் நின்றுவிட்டது, விசிறி மட்டும் கத்தியது. ஸியாத் சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார். "மெலிசைப் பாத்து ஏமாறாதீங்க உம்மு லமீஸ். இந்த வேலைக்குத் தனி கிராபிக்ஸ் கார்டு வேணும், மெமரியும் நிறைய வேணும். இதுக்கு மேல இது ஏறாது." செங்கல் கனத்தில் ஒரு கறுப்புக் கணினியை எடுத்து வைத்தார்.

அதில் படி ஏறினேன் மகளே. வலியே இல்லாமல், மெதுவாக, கனவில் நடப்பதுபோல. படிகளெல்லாம் தாழ்வாக இருந்தன. திருப்பத்தில் உட்கார ஒரு மேடை வேறு வைத்திருக்கிறாய், பயிற்சிக்குப் போட்ட கட்டிடத்தில் யார் முழங்காலுக்கடி அது? மேலே கம்பிகள் இல்லை. வெளிச்சம் விழுந்த கூடம், உன் வரைமேசை, ஜன்னல் நிறைய வானம். எவ்வளவு நேரம் அங்கே நின்றேனோ தெரியவில்லை, கடையில் இருக்கிறேன் என்பதே மறந்துபோயிற்று. அழுதுவிட்டேன், ஏசி காற்று கண்ணில் படுகிறது என்று சொல்லி வைத்தேன். அப்பா, "இதையே குடுத்துடுங்க" என்றார், விலைகூடக் கேட்கவில்லை. வீடு வரும்வரை பெட்டியை என் கையில் கொடுக்கவில்லை.

சனிக்கிழமை கம்பி அறுக்க வந்தவருக்குத் தேநீர் கொடுத்துத் திருப்பி அனுப்பினார். பிறகு அந்தக் கம்பிகளின் துருவைச் சுரண்ட ஒரு பிரஷும் பெயிண்ட் டப்பாவும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனவர், மன்ஸஃப் சோறு ஆறுகிறது என்று கூப்பிட்டும் இறங்கவில்லை.

நீ வருவாயா என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். கணினியை மெத்தைமேல் வைத்து வேலை செய்யாதே, அடியில் காற்று போகவேண்டுமாம். நேரத்துக்குச் சாப்பிடு. உன் கையையும் கண்ணையும் இறைவன் காக்கட்டும். மறக்காமல் ஒன்று செய், மேல் தளத்தில் நீ வரைந்த சமையலறை ஜன்னல் பக்கத்து வீட்டு உம்மு நிஸாரின் குளியலறைக்கு நேராக இருக்கிறது. கட்டுவதற்கு முன் மாற்றிவிடு.

உன் அம்மா,
நவால்