கிழித்த பக்கம்

ஆவணி 12, வியாழன்

ரீட்டாவுக்கு வெளிநாட்டு டிரெயினிங் கிடைச்சிட்டுது. எச்.ஐ.வி. ஆராய்ச்சிக்கு எங்கட லாபில இருந்து ஒரேயொரு ஆள். எல்லாருக்கும் கேக் தந்தாள். என்ர துண்டைக் கடதாசியில சுத்தி மேசையில வைச்சிட்டன்.

இன்டர்வியூ நாளிலதான் வெள்ளவத்தையில நான் இருக்கிற லொட்ஜில சுத்திவளைப்பு. என்ர அடையாள அட்டையில பிறந்த இடம் யாழ்ப்பாணம். பொலிஸ் விசாரிச்சு விட மத்தியானமாச்சு, இன்டர்வியூவும் முடிஞ்சிட்டுது. அவளின்ரதில கொழும்பு. கொட்டாஞ்சேனையில பஸ் ஏறி நேரத்துக்குப் போயிட்டாள். அவ்வளவுதான் வித்தியாசம். வேலையில நான் அவளுக்குக் குறைஞ்சவளில்ல.

பின்னேரம் வந்து, "தேவி, எங்கட பிழைக் கொப்பியைத் தாறியா? அங்க போய் வெக்கப்படக் கூடாது" எண்டாள். ரத்தப் பரிசோதனையில நடந்த பிழையளை ரெண்டு பேரும் எழுதி வைக்கிற கொப்பி. "ஓம், நாளைக்குக் கொண்டு வாறன்" எண்டன்.

அறைக்கு வந்ததும் கனக்க எழுதியிருந்த பக்கமாப் பாத்துக் கிழிச்சன். அவளும் அங்க ஒருக்கா முழிக்கட்டும்.

இப்பத்தான் அதை வாசிச்சன். எட்டுப் பிழை. எட்டும் நான் விட்டது. எழுதினது அவள். ஒண்டிலயும் என்ர பேரைப் போடேல்ல.

அதுக்கும் அவளிலதான் எரிச்சல் வருது.