முதல் வரியில் நீ இல்லை

என் அன்புத் தங்கச்சிக்கு,

அக்கா எழுதுவது. இறைவன் அருளால் உன் காயம் ஆறி, கையைத் தூக்க முடிகிறது என்று நம்புகிறேன். நேற்றிலிருந்து ஏழு முறை அழைத்துவிட்டேன். நீ எடுக்காதது நியாயம்தான். அதனால் கையால் எழுதுகிறேன்.

நேற்றுக் காலை உன் பக்கத்து வீட்டு அம்மா அழைத்து, "ஆபரேஷன் முடிஞ்சு பத்து நாளாச்சு, கூடப் பிறந்தவங்க எட்டிக்கூடப் பாக்கலியே" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம்தான் உன் மூன்று செய்திகளையும் தேடி எடுத்தேன்.

நடந்ததைச் சொல்கிறேன், சாக்கு என்று நினைக்காதே. எங்கள் பிரார்த்தனைக் குழுவின் வேண்டுதல்கள் என் எண்ணுக்குத்தான் வரும். யாருக்கு என்ன, எந்தத் தேதி என்று நோட்டில் குறித்துவைத்து, ஒன்றையும் விடாமல் வேண்டிக்கொள்வேன். வெறும் நலவிசாரிப்புகளும் சேர்ந்து செய்திகள் நாளுக்கு நூறு என்று பெருகிவிட்டன. பைத்தான் என்ற கணினி மொழியைக் கற்றுக்கொண்ட கர்வம் வேறு. உலை கொதிக்கிற நேரத்தில் உட்கார்ந்து ஒரு நிரல் எழுதினேன். செய்தியில் வேண்டுதல், வலி, ஆபரேஷன் என்று ஏதாவது இருந்தால் எனக்குக் காட்டும். இல்லாவிட்டால் வெறும் நலவிசாரிப்பு என்று, தானே ஒரு பதில் போட்டுவிடும்.

பைத்தானோடு சேர்ந்தே வரும் கட்டளைத் தொகுப்பில் சொல் தேட 'மேட்ச்', 'சர்ச்' என்று இரண்டு உண்டு. மேட்ச் தொடக்கத்தை மட்டும் பார்க்கும். சர்ச் கடைசி எழுத்துவரை தேடும். நான் மேட்ச் போட்டுவிட்டேன். குழுவில் எல்லோரும் எடுத்த எடுப்பில் "வேண்டுதல்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். சோதித்தபோது ஒன்றுகூடத் தவறவில்லை.

நீ எப்படி ஆரம்பிப்பாய்? "அக்கா, மாமாவுக்கு முதுகுவலி தேவலையா? பெரியவன் பரீட்சை எப்படி எழுதினான்? நீ நேரத்துக்குச் சாப்பிடுறியா?" இப்படி ஒன்பது வரி. பத்தாவதில், "வியாழக்கிழமை மார்புல கட்டிய எடுக்கப் போறாங்க. ஆபரேஷன்னா பயமா இருக்குக்கா. நீ வந்து பக்கத்துல உக்காந்தா போதும்."

அதற்கு என் எண்ணிலிருந்து போன பதில்: "விசாரித்ததற்கு நன்றி. இங்கு அனைவரும் நலம்." மூன்று முறையும் அதே வரி.

மாமா பார்த்துவிட்டு, "ஊருக்கெல்லாம் கடவுள்கிட்ட சிபாரிசு பண்றவ, தங்கச்சிக்கு ரெடிமேட் பதில் அனுப்பியிருக்கியே" என்றார். நோட்டில் அந்த வியாழக்கிழமைப் பக்கத்தைப் புரட்டினேன். முப்பத்தொரு பேருக்காக வேண்டியிருக்கிறேன். ஒருவருடைய பூனைக்குட்டி திரும்பி வர வேண்டும் என்றுகூட. இன்று பிரார்த்தனைக்கு உட்கார்ந்தால் வாய் திறக்க மாட்டேன் என்கிறது.

ஒரே சொல்லை மாற்றினால் நிரல் சரியாகிவிடும். நான் மாற்றவில்லை, அழித்துவிட்டேன். அது பாவம், சொன்னதைத்தான் செய்தது. படித்திருக்க வேண்டியவள் நான்.

கட்டியைப் பரிசோதித்து என்ன சொன்னார்கள் என்று கேட்கக்கூட எனக்கு முகமில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை பஸ் ஏறி வருகிறேன். வேண்டாம் என்றால் வாசலோடு திரும்பிவிடுவேன். அதற்குள் ஒரு செய்தி போடு. மாமா முதுகை விசாரிக்காதே. பெரியவன் பரீட்சையைக் கேட்காதே. எடுத்ததுமே என்னைத் திட்டு. கடைசி எழுத்துவரை படிக்கிறேன்.

உன் உடம்பையும் மனதையும் இறைவன் தாங்கட்டும்.

வெட்கத்துடன்,
உன் அக்கா