மூன்றாவது மோட்டாரின் சத்தம்

இன்று காலை பொள்ளாச்சி சாலையில் கார் கண்ணாடியை இறக்கினேன். ஊறிய தென்னை நாரின் வாசனை முகத்தில் அடித்தது. கொஞ்சம் புளிப்பும் கொஞ்சம் மண்ணும் கலந்த அந்த வாசனையோடு நீயும் வந்துவிட்டாய், பக்கத்து இருக்கையில், மடியில் லேப்டாப்போடு, வாய் ஓயாமல்.

பெங்களூர் வேலையை விட்டுவிட்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றாயே, நினைவிருக்கிறதா? "மோட்டார் கெட்டுப்போறதுக்கு முன்னாடியே அதோட சத்தம் மாறுதுடி. நமக்குத்தான் கேக்கறதில்ல. கேக்கற மாதிரி ஒண்ணு செஞ்சுபோடலாம்" என்றாய். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். "யோசிச்சுக்கிட்டே வா" என்று பெரியநாயக்கன்பாளையத்துக்கு இழுத்துப் போனாய். பம்ப் பட்டறை ஒன்றின் பின்னால் தகரக்கூரை போட்ட அறை. அதுதான் நம் கம்பெனி. நீ நிறுவனர், நான் மீதி எல்லாம்.

சோப்புப் பெட்டி அளவிலான நம் கருவியை முதலில் மோட்டாரில் ஒட்டிப் பார்த்தது பொள்ளாச்சிப் பக்கத்து நார் மில்லில். திரையில் ஓடிய கோடுகளைப் பார்த்துவிட்டு, "மூணாவது மோட்டார் இந்த வாரம் தாங்காதுங்க" என்று முதலாளியிடம் பட்டென்று சொன்னாய்.

அவர் சிரித்தார். "ஏனுங்க அம்மணி, போன வாரந்தானுங்க சர்வீஸ் பண்ணுனது. நல்லா ஓடுதுங்களே?"

"ஓடுதுங்க. ஆனா தாங்காதுங்க."

திரும்பி வரும் வழியெல்லாம் உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன். நாலாம் நாள் அவரே கூப்பிட்டார். "கண்ணு, சந்தேகத்துல கழட்டிப் பாத்தமுங்க. பேரிங் தூளாக் கெடக்குது. ஓடவுட்டிருந்தா மோட்டாரே வெந்திருக்கும். மீதி மோட்டாருக்கெல்லாம் எப்ப மாட்டறீங்க?" நீ நாற்காலி மேல் ஏறிக் குதித்தாய். நாற்காலி உடைந்தது. பட்டறை ஆட்களெல்லாம் பயந்து ஓடிவந்தார்கள்.

அப்புறம் கோபிசெட்டிபாளையம் அரிசி ஆலை. அறுவடை நேரத்தில், நம் கருவி மாட்டியிருந்தும், ஓர் எச்சரிக்கையும் இல்லாமல் மோட்டார் எரிந்துபோனது. மின்சாரக் கோளாறு என்றுதான் அவர்கள் நினைத்தார்கள். நீ பகல் முழுக்கப் பதிவுகளைத் தோண்டி, கருவி சரியாகக் கேட்டதை நம் புரோகிராம்தான் வெறும் இரைச்சல் என்று ஒதுக்கிவிட்டது எனக் கண்டுபிடித்தாய். "சொல்லாட்டி ஆலை முதலாளிக்குத் தெரியாதுடி" என்றேன். "நமக்குத் தெரியுமில்ல?" என்று பஸ் ஏறிவிட்டாய். அரை மணி நேரம் திட்டினாராம். நின்று கேட்டாயாம். கடைசியில், "ஊடு தேடி வந்து தப்பச் சொல்றீங்க. சரிபண்ணி நீங்களே மாட்டிக்குடுங்க" என்றாராம்.

அடுத்த மழைக்காலத்தில் உனக்கு டெங்கு. ஐந்தே நாட்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி மேலே பார்த்து, "அந்த ஃபேன்ல பேரிங் போகப்போகுதுடி" என்றாய். அதுதான் நீ என்னிடம் கடைசியாகச் சொன்னது. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை.

கம்பெனியை மூடிவிடலாம் என்றே நினைத்தேன். ஆனால் திங்கட்கிழமை நம்மிடம் வேலை பார்க்கும் பிள்ளைகள் நாலு பேரும் வழக்கம்போல வந்து, "அக்கா, இன்னிக்கு எங்கீங்க போகோணும்?" என்று கேட்டார்கள். மூடப்போகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

இன்றைக்குப் போனது ஐந்து ஆலைகள் வைத்திருக்கும் பெரிய இடம். அவர்களுடைய இன்ஜினியர் எடுத்ததுமே, "உங்க கருவி தப்பே பண்ணாதுங்களா?" என்றார். "பண்ணுமுங்க. பண்ணியிருக்குதுங்க" என்று கோபிசெட்டிபாளையம் கதையை முழுக்கச் சொன்னேன். கேட்டு முடித்ததும், "அஞ்சுலயும் மாட்டிருங்க" என்றார்.

வெளியே வந்ததும் கார் நிறுத்துமிடத்தில் நின்று கத்தியே விட்டேன். காவலாளி ஓடிவந்தார். "ஏனுங்க, என்னாச்சுங்க?"

"ஆர்டர் கெடைச்சிருச்சுங்க!"

முன்பெல்லாம் கத்துகிறவள் நீ, கூச்சப்பட்டு இழுத்துக்கொண்டு போகிறவள் நான். இப்போது இரண்டையும் நானே செய்துகொள்கிறேன்.