பால் அடிப்பிடித்தால் எப்படிச் சொல்வது?

ஜூன் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நலம். கப்பலில் நீங்களும் உங்கள் அடுப்பும் நலமா?

வீட்டில் புதுச் சட்டம் வந்திருக்கிறது. சிட்டு வகுப்பில் சரியாக வாசிப்பதில்லையாம். வீட்டில் எல்லோரும் இங்கிலீஷில் மட்டும் பேசுங்கள் என்று டீச்சர் சொல்லிவிட்டார். அம்மா அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்ததோ "கம்", "ஈட்", "ஸ்லீப்". எனக்கும் அதற்கு மேல் ஓடாது. முந்தாநாள் பால் அடிப்பிடிப்பதைச் சிட்டுதான் முதலில் பார்த்தாள். அதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று விழித்துக்கொண்டே நின்றாள். பாத்திரம் கரியானதுதான் மிச்சம்!

நான் எப்போதுமே பேசாதவள், எனக்கு நஷ்டமில்லை. ஆனால் நேற்றுத் தலை பின்னும்போது சிட்டு என் காதில் கேட்டாள்: "அக்கா, அம்மாவுக்கு எம்மேல கோவமா? ஏன் எங்கூட பேசவே மாட்டேங்கிறாங்க?"

அப்பா, அவளுக்கு ஒரு கதை எழுதுங்கள். தமிழிலேயே எழுதுங்கள். நீங்கள் எழுதியதைப் படிக்காதே என்று அம்மாவால் சொல்ல முடியாது.

உங்கள்
பேசாமடந்தை


ஜூன் 28

என் பேசாமடந்தைக்கு,

"நலம், நலமறிய ஆவல்" என்பதைத் தாண்டி எனக்கு எழுத வராது, உனக்கே தெரியும். கப்பலில் சமைக்கிறவன் கதைக்கு எங்கே போவேன்? நடந்ததையே எழுதுகிறேன்.

போன வாரம் ஒரு கறுப்புக் குருவி சமையலறைக்குள் வந்து மாவு டப்பாவில் விழுந்துவிட்டது. எழுந்தபோது வெள்ளைக் குருவி! என் உதவியாள் "பேய்!" என்று கத்திக்கொண்டு மேசைக்கடியில் புகுந்துகொண்டான். குருவி ஒரு உதறு உதறிவிட்டு நேராகக் கேப்டன் சாப்பிடும் அறைக்குள் பறந்தது. அங்கே கேப்டன் சூப் குடித்துக்கொண்டிருந்தார். அவர் தலையில் ஒரு முடி கிடையாது, பளபளவென்று இருக்கும். குருவி அந்தத் தலையைப் பார்த்தது...

சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. போகிறேன்.

அப்பா


ஜூலை 17

அன்புள்ள அப்பா,

இப்படியா நிறுத்துவது? சிட்டு என் உயிரை எடுக்கிறாள்!

விரல் வைத்து வரிவரியாகப் படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று விடவே இல்லை. மறுநாள் சலவைக் கடையில் இஸ்திரி வேலை முடிந்து வந்து பார்த்தால், அவளே விரல் வைத்து "மா...வு" என்கிறாள்! முதலில் மனப்பாடம் என்றுதான் நினைத்தேன். நடுவில் ஒரு வரியைக் காட்டினேன். திக்கித் திக்கிப் படித்துவிட்டாள் அப்பா! இப்போது தெருவில் ஒரு போர்டையும் விடுவதில்லை.

ஆனால் அம்மா கடிதத்தை வாங்கி அலமாரி மேல் வைத்துவிட்டாள். "டீச்சருக்கு யாரு பதில் சொல்றது? உன்ன மாதிரி இவளும் படிப்ப பாதியில விடணுமா?" என்றாள்.

நான் போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தேன். அப்புறம்தான் உறைத்தது, அதை அவள் தமிழில்தான் கேட்டாள்! பெரிய எழுத்தில் எழுதுங்கள், சிட்டுவின் உத்தரவு.

உங்கள் மகள்


ஆகஸ்ட் 4

அன்பு மகளுக்கு,

அவளே படித்தாளா? சமையலறை முழுக்கச் சொல்லிவிட்டேன். மிச்சக் கதை தனித்தாளில், பூசணிக்காய் அளவு எழுத்தில் இருக்கிறது.

அம்மாவிடம் நான் பேச மாட்டேன். எனக்கு வராததை நான் எழுதினேன். உனக்கு வராததை நீ பேசு.

அப்பா


ஆகஸ்ட் 23

அப்பா, அப்பா!

உங்கள் தாள் என் கையில் இருந்தது. அம்மா "கிவ்" என்று கையை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை.

"அம்மா, உனக்கு அவ மேல கோவம்னு அவ நெனச்சிட்டிருக்கா. நீ பேசறத நிறுத்தினதுலேர்ந்து அவ ஸ்கூல்லயும் வாயே திறக்கறதில்ல."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "கோவமா? எனக்கா?" என்றாள். பிறகு, "இங்க வாடி என் தங்கம்" என்றாள்.

சிட்டு பதறிப்போய் ஓடிவந்து அம்மாவின் வாயைப் பொத்தினாள். "அம்மா! தமிழ்! டீச்சர் திட்டுவாங்க!"

அம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "டீச்சர் அங்க பாத்துக்கட்டும். இங்க நான் பாத்துக்கறேன். நீ படி."

சிட்டு படித்தாள். குருவி கேப்டன் தலையில் இறங்கி வழுக்கி, சூப்பில் விழுந்த இடத்தில் "வழுக்கி" வாயில் நுழையவில்லை. எழுத்துக் கூட்டி அம்மாதான் உதவினாள். நான் வாயைத் திறக்கவே இல்லை. "அய்யய்யோ, சூடான சூப்பா? அப்புறம்?" என்று அம்மா கேட்டாளே, அந்தக் குரல் உங்களுக்குக் கேட்டிருக்க வேண்டும்!

இதை எழுதும்போதும் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு பேசிக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் சூப்போடு நிறுத்திவிட்டீர்கள், அந்தக் குருவி பிழைத்ததா என்று ஒரே சண்டை. எனக்குக்கூட ஒன்று சொல்ல வேண்டும் போல இருக்கிறது. நடுவில் நுழைய இடமே கிடைக்கவில்லை, அப்பா.

உங்கள்
மூத்த மகள்