ஆட்டோவுக்கு முன்னால் ஓடுவது

ஜனவரி 7, செவ்வாய்

தினமும் வலது கையால் அரைப் பக்கம் எழுதினால் விரல் திரும்பும் என்று பிசியோதெரபி டீனா சொல்லியிருக்கிறாள். என்ன எழுதுவது என்று கேட்டேன். மனசில் இருப்பதை எழுதுங்க அக்கா என்றாள். மனசில் இருப்பதை எழுதி எவராவது படித்துவிட்டால், சொந்தக்காரர்களில் பாதிப் பேர் வீட்டுப் பக்கம் வரமாட்டார்கள். நல்லதுதான்.

ஸ்ட்ரோக் வந்து இரண்டு வருஷம். அதுவரை பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் நாலாவது மாடி ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர் நான். விழுந்ததும் அங்கேதான், பினாயில் வாளி பக்கத்தில். வலது பாதம் இன்னும் தூக்காது, தொங்கும். அதற்கு முழங்காலுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் பட்டை. கம்பெனி பெரிய மனசு பண்ணி ரிசப்ஷனில் உட்கார வைத்திருக்கிறது. வருகிறவர்களுக்கு பேட்ஜ் கொடுக்கிறேன். எல்லாரும் தலையைச் சாய்த்து ஒரு சிரிப்பு சிரிக்கிறார்கள், கோயில் யானையைப் பார்த்துச் சிரிப்பது போல.

இன்று பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். பத்தடி இருக்கும். பாவி டிரைவர் நிறுத்திவிட்டான், இல்லையென்றால் இன்னும் ஓடியிருப்பேன். உட்கார்ந்த பிறகு டிக்கெட் எடுக்கவே மறந்துபோனேன். பயம் இல்லை. சந்தோஷம். நிஜமாகவே சந்தோஷம்.

ஜனவரி 12, ஞாயிறு

டீனாவிடம் கேட்டேன். மெதுவாக ஓடலாம் என்றாள். காலை ஆறு மணிக்கு அல்சூர் ஏரிப் பக்கம் ஓடப் போனேன். பின்னால் ஆட்டோ சத்தம். திரும்பிப் பார்த்தால் என் வீட்டுக்காரர் நாகேஷ். ஃபர்ஸ்ட் கியரில் உருட்டிக்கொண்டு வருகிறார்.

நாயோடு வந்த ஓர் அம்மா, எவனோ பொம்பளையைப் பின்தொடர்கிறான் என்று அவரை இங்கிலீஷில் பிடித்துக்கொண்டாள். 'வைஃப் மேடம், வைஃப்' என்றார். அந்த அம்மா என் காலைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், 'ஸோ ஸ்வீட்' என்றாள். நாய் மட்டும் அவரை நம்பவில்லை. கொஞ்ச தூரம் போனதும் ஒருவர் கை காட்டி ஏறி, சிவாஜிநகர் போகச் சொல்லியிருக்கிறார். 'இவங்க ஓடி முடிக்கட்டும் சார்' என்றாராம் இவர்.

வீட்டுக்கு வந்து சண்டை போட்டேன். ஆட்டோவை முதுகில் கட்டிக்கொண்டு எவளாவது ஓடுவாளா? எனக்குத் தனியாகப் போகணும், அவ்வளவுதானே கேட்கிறேன்? அவர் ஆட்டோ சாவியை ஆணியில் மாட்டினார். அப்புறம் சொன்னார்: "நீ கீழ வுழுந்தப்போ நான் பக்கத்துல இல்ல சுனிதா."



ஜனவரி 28, செவ்வாய்

எச்.ஆர். ராகேஷ் என் மேஜைக்கே வந்தார். நாலாவது மாடியில் டிஷ்யூ பேப்பர் இல்லை என்று மாதம் மூன்று மெயில் போட்ட ஆள். அப்போது என் பேர் தெரியாது. இப்போது நான் சுனிதா மேடம். பிப்ரவரியில் கம்பெனி ஐந்து கிலோமீட்டர் ஓட்டம் நடத்துகிறதாம், நான்தான் 'இன்ஸ்பிரேஷன்' ஆம். என்னைச் சுற்றி நாலு வாலன்டியர், பின்னால் ஒரு வீல்சேர்.

வீல்சேர் யாருக்கு என்று கேட்டேன். சும்மா சேஃப்டிக்கு என்றார். நேரம் கணக்கு வைப்பீர்களா என்றேன். 'உங்களுக்கு டைம் முக்கியமில்ல மேடம், உங்க ஜர்னிதான் முக்கியம்' என்றார். மற்ற எல்லாருக்கும் நேரம் உண்டு. எனக்கு மட்டும் ஜர்னி. தலையாட்டிவிட்டு வந்தேன். ஓட விடுகிறார்களே, அது போதும்.

பிப்ரவரி 3, திங்கள்

இரண்டு கிலோமீட்டர். விழவில்லை. ஆட்டோ ஐம்பதடி பின்னால்.

பிப்ரவரி 9, ஞாயிறு

விழுந்தேன். முட்டியில் சிராய்ப்பு. நாகேஷ் ஆட்டோவை நடுரோட்டிலேயே விட்டுவிட்டு ஓடிவந்தார். பின்னால் ஒரே ஹாரன். அவர் ஓடிய லட்சணத்தைப் பார்த்தால் பட்டை அவருக்குத்தான் வேண்டும்.

பிப்ரவரி 14, வெள்ளி

எனக்கு மெடல் கிடைத்துவிட்டது. ஓட்டம் நாளை மறுநாள்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டமாக இருக்கும், வெளிச்சம் சரியாக வராது என்று இன்றைக்கே போட்டோ எடுத்துவிட்டார்கள். கார் பார்க்கிங்கில் ரிப்பன் கட்டி, என்னை இரண்டு தடவை தாண்ட வைத்தார்கள். இரண்டாவது தடவை 'கொஞ்சம் கஷ்டப்படற மாதிரி' தாண்டச் சொன்னார் ராகேஷ். அவர் முகத்தைப் பார்த்ததும் தானாகவே வந்துவிட்டது.

பிப்ரவரி 16, ஞாயிறு

கை வலிக்கிறது, ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

ஆறரைக்கு விசில். நாலு வாலன்டியரும் முதல் சிக்னல் வரை என்னைச் சுற்றித்தான் வந்தார்கள். எல்லார் கையிலும் வாட்ச். தங்கள் நேரம் வீணாகிறது என்று வாட்ச் சொல்ல, முகம் வாடிப்போனது. 'ஜஸ்ட் டூ மினிட்ஸ் மேடம்' என்று ஒருத்தன் போனான். அவனைக் கூப்பிட ஒருத்தி போனாள். அவர்கள் இருவரையும் கூட்டிவர மூன்றாவது ஆள். வீல்சேர் தள்ளிய நாலாமவன், நான் மட்டும் என்ன பாவம் செய்தேன் என்று அதை ஜூஸ் கடை ஓரமாக விட்டுவிட்டுப் பறந்தான். நாகேஷின் ஆட்டோவை பேரிகேட் பக்கத்திலேயே டிராஃபிக் போலீஸ் மடக்கிவிட்டார். மனைவி ஓடுகிறாள் என்றாராம். 'எல்லார் ஹெண்டத்தியும்தான் ஓடறாங்க, வண்டியைத் திருப்பு' என்றாராம் போலீஸ்.

ஆக, இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக என்னைச் சுற்றி ஒருவரும் இல்லை. ஐயோ, என்ன பயம்! மூன்றாவது கிலோமீட்டரில் பாதம் இழுக்க ஆரம்பித்தது. நின்றேன், ஸ்ட்ராப்பை இறுக்கினேன், ஓடினேன். நடந்தேன். மறுபடி ஓடினேன். அடுத்த திருப்பத்துக்குப் பின்னால் என்ன இருக்கும் என்று பார்க்க ஆசையாக இருந்தது. பெட்ரோல் பங்க்தான் இருந்தது. அதைப் பார்த்ததற்கே சிரித்தேன்.

போய்ச் சேர்ந்தபோது ஃபினிஷ் லைன் வளைவைப் பிரித்து வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தரையெல்லாம் தண்ணீர் பாட்டில். குப்பை பொறுக்கிய பெண் 'ஸ்வல்ப ஆ கடெ ஹோகம்மா' என்று என்னை ஒதுங்கச் சொன்னாள். ஒதுங்கினேன். என் போன் கணக்கில் ஒரு மணி பதினொரு நிமிஷம். நான் ஜெயித்துவிட்டதாகக் கம்பெனி மெயில் ஏழரைக்கே வந்திருக்கிறது, வெள்ளிக்கிழமை போட்டோவோடு. எனக்கு முன்னால் முடித்தவர்கள் எல்லாம் மசால் தோசைக்குப் போயிருந்தார்கள்.

நாகேஷ் அதே பேரிகேட் பக்கத்தில் நின்றிருந்தார். கண் சிவந்திருந்தது.  தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார்.

பிப்ரவரி 23, ஞாயிறு

இனிமேல் ஆட்டோவில் பின்னால் வராதீங்க என்று நாகேஷிடம் சொல்லிவிட்டேன்.  சாப்பிடாமல் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார்.

பிப்ரவரி 25, செவ்வாய்

இரண்டு நாளாக மௌன விரதம். உப்பைக் கூட 'அது' என்று கை காட்டிக் கேட்கிறார். இன்று சாயங்காலம் ஒப்பந்தம் ஆனது. நான் தனியாகப் போகலாம். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை போன் செய்வார், எடுக்க வேண்டும்.

மார்ச் 9, ஞாயிறு

ஏரியைச் சுற்றாமல் காக்ஸ் டவுன் பக்கம் ஓடினேன். ரயில்வே பிரிட்ஜுக்குக் கீழே ஒரு சந்து, அதற்குள் இன்னொரு சந்து. முன்பின் பார்க்காத தெரு. வாசல் தெளித்த ஒருத்தி என் கால் நனையாமல் ஓரமாக ஊற்றினாள், அவ்வளவுதான், தலையைச் சாய்க்கவில்லை. எந்தப் பக்கம் வந்தேன் என்பதே மறந்துபோனது.

போன் அடித்தது.

"எங்க கீற?"

எதிரே ஒரு மாரியம்மன் கோயில், பக்கத்தில் நீலப் பெயின்ட் அடித்த பேக்கரி. பெங்களூரில் சந்து சந்தாகத் தெரிந்த மனுஷன். இந்த இரண்டில் ஒன்றைச் சொன்னால் பத்து நிமிஷத்தில் ஆட்டோ என் முன்னால் வந்து நிற்கும். பேக்கரி போர்டை முழுசாகப் படித்தேன்.

"தெரியல" என்றேன்.

 அந்தப் பக்கம் ஆட்டோ எஞ்சின் ஓடிக்கொண்டிருப்பது கேட்டது. சாவியைப் போட்டு ரெடியாகத்தான் உட்கார்ந்திருக்கிறார். கொஞ்ச நேரத்தில் அது நின்றது.

"சரி. மெதுவா வா."

போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு இடது பக்கம் திரும்பினேன்.