வாடை நின்ற மத்தியானம்

என் பிரியமான சுமதி அக்காவுக்கு,

நீங்கள் எங்களையெல்லாம் விட்டுக் கண்ணை மூடி ஒரு வருடம் ஆகிவிட்டது. ஊட்டியில் நம் ஆய்வுக்கூடத்து ஜன்னல்களைக் காலையில் இப்போது நான்தான் திறக்கிறேன். குளிருகிறது என்று முனகுகிறவர்களை உங்களைப் போலவே முறைத்துப் பார்க்கிறேன். யாரும் பயப்படுவதில்லை.

தேயிலை விலை விழுந்து, தேவாலாவில் அப்பா வேலை பார்த்த எஸ்டேட் ஆலையை மூடிய வருடம் நினைவிருக்கிறதா? படிப்பை விட்டுவிட்டு வந்துவிடு என்று வீட்டிலிருந்து கடிதம் வந்திருந்தது. போவதற்குள் அந்த ஒரு வினையூக்கியையாவது முடித்துவிட வேண்டும் என்று எனக்கு அவசரம்.

கனமான எண்ணெயை உடைத்து லேசான எரிபொருளாக்குவதற்காக, மாலிப்டினமும் டங்ஸ்டனும் ஏற்றிய வெளிர்நிறக் குருணைகள். ஹைட்ரஜன் சல்பைடு வாயுவைச் செலுத்திக் கறுக்க வைத்தால்தான் அவை வேலை செய்யும். மாலிப்டினம் சட்டென்று இணங்கிவிடும், டங்ஸ்டன் பிகு பண்ணும். என்னை மாலிப்டினம் என்பீர்கள். உங்களை டங்ஸ்டன் என்று நான் முதுகுக்குப் பின்னால்தான் சொன்னேன்.

அன்று மத்தியானம் ஒரே பனி. ஜன்னல்களைச் சாத்திவிட்டேன். வாயுவைத் திறந்ததும் அதன் அழுகிய முட்டை வாடை வந்தது, கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. என் அப்பா தேயிலை புளிக்கும் அறையில் மூக்காலேயே பதம் சொல்கிறவர். வாடை மாறினால் வேலை முடிந்தது என்று கேட்டே வளர்ந்தவள் நான். வாயுவையெல்லாம் குருணைகள் குடித்துவிட்டன என்று நிம்மதியாக உட்கார்ந்து நோட்டில் எழுத ஆரம்பித்தேன். குழாய் கழன்று கிடந்தது எனக்குத் தெரியாது.

கதவைத் திறந்த நீங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து என்னை வராந்தாவுக்கு இழுத்துப் போட்டீர்கள்.

"வாடைதான் அப்பவே போயிருச்சேக்கா?"

"வாடை போகலடி, உன்ற மூக்குதான் மரத்துப்போச்சு! இன்னுங் கொஞ்ச நேரம் உக்காந்திருந்தா நீயே போயிருப்பே புள்ள!"

சொல்லிவிட்டு நீங்கள் அழுதீர்கள். உங்களுக்கு அழ வரும் என்றே அன்றுதான் தெரிந்தது.

சாயங்காலம் அப்பாவுக்குப் போன் போட்டதும் நீங்கள்தான். "ஏனுங்க, புள்ள படிச்சு முடிக்கட்டுமுங்க. சாப்பாடு நம்ம ஊட்டுலயே ஆகட்டுமுங்க." உங்கள் வீட்டுச் சோற்றில்தான் நான் படித்து முடித்தேன். டங்ஸ்டனும் கடைசியில் நன்றாகக் கறுத்தது.

அப்பாவின் ஆலை திரும்பவும் ஓடுகிறது, வாரத்தில் மூன்று நாள். இங்கே சுவரில் வாயு கசிந்தால் கத்துகிற பெட்டி மாட்டியிருக்கிறோம். உங்கள் குரலுக்கு அது உறை போடக் காணாது.

ஒன்று சொல்ல வேண்டும் அக்கா. முதலில் தினமும் அழுதேன். இந்த மாதம் அழுகை நின்றுவிட்டது. மறக்க ஆரம்பித்துவிட்டேனோ என்று பயந்தே போனேன். நேற்றுக் காலை ஜன்னலைத் திறக்கும்போதுதான் நீங்கள் அன்று வராந்தாவில் கத்தியது காதில் விழுந்தது. போகவில்லை அக்கா. நான்தான் மரத்துப்போயிருக்கிறேன்.

இனி எது நின்றாலும் அது தீர்ந்துவிட்டது என்று நம்ப மாட்டேன். பனியோ மழையோ, நான் இருக்கிறவரை இந்த ஜன்னல்கள் திறந்திருக்கும்.

நீங்கள் வெளியே இழுத்துப் போட்ட தங்கச்சி,
ரேவதி