ஈரத்துக்கு வெட்டிய விலை

உன் பூதக்கண்ணாடி என் மேசையில்தான் இருக்கிறது. கைப்பிடியில் நீ சுற்றிய கறுப்பு டேப் ஒரு ஓரத்தில் பிரிந்து விரலில் ஒட்டுகிறது. மாற்றிவிடலாம் என்று எடுப்பதும், வேண்டாம் என்று வைப்பதுமாக இருக்கிறேன். இன்று காலை வெலிமடையிலிருந்து ஒருவர் வந்து, அந்தக் கண்ணாடியாலேயே உன் ஐந்து சத நோட்டைப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "என்ன வெலைன்னாலும் சொல்லுங்க" என்றார். விற்கிறதில்லை என்றேன். "அப்ப எதுக்குங்க எடுத்துக் காட்டுனீங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். வெளியே ஆடிக் காற்று பதுளைக் கடைத்தெருத் தூசியை வாரி உள்ளே இறைத்தது. கதவைச் சாத்திவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

சாமி படத்துக்குச் சட்டம் போடுவது என் தொழில். பழைய நோட்டுக் கிறுக்கு அந்தத் தொழில் வழியாக என்னைத் தேடி வந்தது. தோட்டத்துச் சனங்கள் கைக்கு வந்த புது நோட்டு ஒன்றை முருகன் படத்துக்குப் பின்னால் செருகி வைப்பார்கள், பிறகு மறந்துபோவார்கள். பேரப்பிள்ளை காலத்தில் கண்ணாடி உடைந்து படம் என்னிடம் வரும். பின் அட்டையைக் கழற்றினால் நோட்டு விழும். அப்படி விழுந்த முதல் நோட்டை உனக்குத்தான் காட்டினேன். பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் உட்கார்ந்த நாம், நீ லுணுகலைப் பக்கத்துத் தோட்டத்துத் தேயிலை ஆலையில் டீமேக்கராகவும் நான் அப்பாவின் கடையில் முதலாளியாகவும் ஆன பிறகு, மறுபடி ஒரே மேசையில் உட்கார்ந்தது அதற்குப் பிறகுதான். ஞாயிறு தவறாமல் முதல் பஸ்ஸில் வந்து இறங்குவாய். "என்ன மொதலாளி, கண்ணாடியத் தொடச்சி வச்சாச்சா?" என்பாய். நீ என்னை முதலாளி என்று கூப்பிட்டதெல்லாம் கிண்டல் என்பது தெருவுக்கே தெரியும்.

நான் புத்தகத்தை வைத்துக்கொண்டு விலை போடுகிறவன். எந்த வருடம், யார் கையெழுத்து, எண்ணுக்கு முன்னால் என்ன எழுத்து, எத்தனை மடிப்பு என்று பார்ப்பேன். நீ நோட்டை நேரே மூக்குக்குக் கொண்டு போவாய். முப்பது வருடம் தேயிலை முகர்ந்த மூக்கு. சவர்க்கார வாசனை லேசாக வந்தாலும் கண்டுபிடித்துவிடுவாய். பிறகு விரல் நுனியால் எழுத்தின் மேல் தடவுவாய். மேடாக இருக்க வேண்டிய மை தட்டையாக இருந்தால் யாரோ இஸ்திரி போட்டிருக்கிறார்கள். கடைசியாகக் காதோரம் வைத்து ஒரு சுண்டு. "அழுக்கா இருந்தா பரவால்லடா. குளிப்பாட்டுனா போச்சு" என்பாய். கழுவிய நோட்டுக்கு நாலில் ஒரு பங்கு விலைதான் என்று எனக்குச் சொன்னதும் நீதான். அந்தப் பாடத்தைத்தான் நான் அரைகுறையாகப் பிடித்துக்கொண்டேன்.

உன்னிடம் இருந்தது ஒரு சின்ன ஆல்பம். அதில் உனக்கு உயிர் அந்த ஐந்து சத நோட்டு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சில்லறைக்கு உலோகம் கிடைக்காமல் அச்சிட்டது. நடுவில், தபால் ஸ்டாம்புத் தாளில் இருப்பது போலத் துளைவரிசை. கிழித்தால் ஒரு துண்டு இரண்டு சதம், மற்றது மூன்று சதம். எல்லாரும் கிழித்துச் செலவழித்ததால் கிழிக்காமல் கிடைப்பதற்குத்தான் மதிப்பு. தேயிலைக் கொழுந்து எடுத்துப் பிழைத்த உன் அம்மா எதற்காகவோ அதைக் கிழிக்காமல் தகரப் பெட்டியின் அடியில் வைத்திருந்தார். நான் பல முறை கேட்டும் நீ விலை சொன்னதே இல்லை.

போன வருடத்துக்கு முந்தின கார்த்திகை மழையில் உன் தோட்டத்துப் பூரணம் கடைக்கு வந்தாள். கண்ணாடி உடைந்த முருகன் படத்தைச் சீலைத் துணியில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். அவளும் படமும் தொப்பலாக நனைந்திருந்தார்கள். அட்டையைக் கழற்றியதும் ராஜா தலை போட்ட பத்து ரூபாய் நோட்டு விழுந்தது. மடிப்பே இல்லை. கையில் எடுத்தேன், ஈரத் துணி மாதிரி துவண்டது.

"இது செல்லுமாங்க மொதலாளி?"

"கடையில செல்லாதும்மா. சேக்கிறவங்க வாங்குவாங்க. ஆனா இத யாரோ கழுவியிருக்காங்க. அஞ்சாயிரம் தாறேன்."

"நீங்க சொன்னா சரிதாங்க" என்றாள். படத்துக்குப் புதுச் சட்டமும் போட்டுக் கொடுத்தேன். அவளை ஏமாற்றும் எண்ணம் எனக்கு அன்று இல்லை. எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சொல்வேன். அன்று தப்பாகப் பார்த்தேன், அவ்வளவுதான். ஏமாற்றியது பிறகு.

அந்தச் சமயம் உனக்கு நெஞ்சு வலி வந்திருந்தது. பஸ் பயணம் வேண்டாம் என்று டாக்டர் சொன்னதால் பல மாதம் நீ வரவில்லை. அடுத்த ஆடியில்தான் வந்தாய். அம்மியே பறக்கிற காற்று அந்த வருடமும் குறைவில்லாமல் அடித்தது. என் ஆல்பத்தைப் புரட்டிப் பூரணத்தின் நோட்டை எடுத்தாய். முகர்ந்தாய், தடவினாய், சுண்டினாய். புது அப்பளம் நொறுங்குகிற மாதிரி சத்தம் வந்தது. நீ என்னைப் பார்த்தாய்.

"இது கழுவுன நோட்டு இல்லடா. மழையில நனைஞ்சி வந்த நோட்டு. ஈரத்துல எந்தத் தாளும் தொவளும். என்ன குடுத்த?"

சொன்னேன். இப்போது இருபதாயிரம் போகும் என்பதையும் சொன்னேன், கொஞ்சம் பெருமையாகவே.

"அப்ப மீதி பதினஞ்ச அவகிட்ட குடுத்துரு."

"அன்னைக்கு இருந்த நெலைக்கு அன்னைக்கு வெலை. அவ சம்மதிச்சித்தானே வாங்கிட்டுப் போனா?"

"அவ சம்மதிச்சது ஒன் வார்த்தைக்கு. வெலைக்கு இல்ல." உன் குரல் உயரவில்லை. "மழைக் கொழுந்து நிறுக்கிறப்ப ஈரத்துக்குன்னு கிலோக் கணக்குல வெட்டுவாங்க. எங்கம்மா ஆயுசு பூரா அந்தத் தராசுக்கு முன்னால நின்னு பேசாம வந்தவ. நோட்டுக்கும் நீ ஈரத்துக்கு வெட்டிட்டியாடா?"

எனக்குச் சுருக்கென்றது. சுருக்கென்றால் மனிதன் திருந்த வேண்டும் என்று இருக்கிறதா என்ன? எனக்குக் கோபம்தான் வந்தது. "யாவாரம் பண்ணிப் பாத்தாத் தெரியும்" என்றேன். நீ தேநீரைக் குடிக்காமல் எழுந்து போனாய். அடுத்த வாரமே அந்த நோட்டைக் கொழும்பு ஆள் ஒருவருக்கு இருபதுக்கு விற்றேன். உன்னை நினைத்தே விற்றேன், வீம்புக்கு.

ஐப்பசியில் ஒரு நாள், ஞாயிறுகூட இல்லை, நீ வந்தாய். மூச்சு வாங்கியது. உட்காரவில்லை. ஐந்து சத நோட்டை மேசையில் வைத்து, "வெலை போடு" என்றாய். மருந்துச் செலவு என்று நானே நினைத்துக்கொண்டேன். கேட்டிருக்கலாம். வீம்பு விடவில்லை. உன் நோட்டை உன் முன்னாலேயே கண்ணாடி வைத்துப் பார்த்தேன். துளைவரிசையில் நாலு துளை பிரிந்திருந்தது.

"பன்னெண்டுதான் குடுக்கலாம்" என்றேன்.

"பதினஞ்சு வேணும்."

"நாலு தொளை விட்டிருக்கு. நீயே பாரு."

நீ பார்க்கவில்லை. சட்டைப் பையிலிருந்து உன் பூதக்கண்ணாடியை எடுத்து நோட்டின் பக்கத்தில் வைத்தாய். "இதையும் சேத்துக்க. இப்ப பதினஞ்சு வருதா?" என்றாய். வருகிறது என்றேன். உன் கண்ணாடிக்கு மூன்றாயிரம் விலை போட்டவன் நான். பணத்தை வாங்கிக்கொண்டு படி இறங்கினாய். பஸ் நிலையம் வரை கூட வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்?

மார்கழியில் தகவல் வந்தது. ஓடி வந்தேன், ஆனால் நீ பேசுகிற நிலையில் இல்லை. அன்றிரவே போய்விட்டாய். பதினாறாம் நாள் கருமாதிக்கும் வந்தேன். உன் வீட்டு வாசலில் போட்ட தகரப் பந்தலில், எல்லாருக்கும் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்த பூரணம் என்னைக் கண்டதும் தட்டை வைத்துவிட்டு வந்தாள். கையெடுத்துக் கும்பிட்டாள்.

"மொதலாளி, மழையில பாத்தது தப்பாப் போச்சின்னு நீங்க குடுத்துவிட்ட பதினஞ்சாயிரத்த ஐயாதாங்க கொண்டாந்து கையில குடுத்தாரு. அடகுல கெடந்த காதுத் தோட்ட மீட்டுட்டேன்." காதைத் தொட்டுக் காட்டினாள். "இந்தக் காலத்துல யாருங்க இப்பிடி செய்வாங்க?"

பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் என்னை மரியாதையோடு பார்த்தார்கள். என்னால் அந்தப் பொய்யை விழுங்க முடியவில்லை. "அது நான் குடுத்ததில்லம்மா. என்கிட்ட அவனோட நோட்ட வித்து, அவன் குடுத்தது" என்று சொல்லியேவிட்டேன்.

பூரணம் சிரித்தாள். "ஐயா அப்பவே சொன்னாருங்க. கேட்டா மொதலாளி இல்லைன்னுதான் சொல்லுவாரு, அவரு கொணம் அப்பிடின்னு."

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். உனக்காக அழுகிறேன் என்று எல்லாரும் தேற்றினார்கள்.

உன் நோட்டை உன் மனைவியிடம் திருப்பிக் கொண்டுபோனேன், நடந்ததையும் சொன்னேன். "அவரு வித்தது வித்ததுதான் அண்ணே. நீங்களே வச்சிக்கங்க" என்று சொல்லிவிட்டார். அதனால்தான் அது இங்கே கிடக்கிறது. லுணுகலையிலிருந்து இப்போது நிறையப் பேர் வருகிறார்கள். ஏமாற்றாத முதலாளி என்று பூரணம் தோட்டத்துக் குடியிருப்பில் லயம் லயமாகச் சொல்லியிருக்கிறாள். மழை நாளில் யார் நோட்டுக் கொண்டுவந்தாலும் நான் விலை சொல்வதில்லை. "ஆடியில வாங்க, காஞ்சதும் பாப்போம்" என்று திருப்பி அனுப்புகிறேன். நடுவில் வேறு ஆளிடம் விற்றுவிட்டால் நட்டம்தான், போகட்டும்.

என் பெயருக்கு நீ கொடுத்த விலை அந்த ஐந்து சத நோட்டும் இந்தக் கண்ணாடியும். நீ ஒரு நோட்டுக்கும் தப்பாக விலை போட்டதில்லை. எனக்கு மட்டும் கூட்டிப் போட்டுவிட்டாய். கடை திறக்கிற ஒவ்வொரு நாளும் அந்த விலைக்கு வந்து சேரப் பார்க்கிறேன், இன்னும் வரவில்லை.